சிரட்டை வீடு

பேய்க்கணவாய் என்றதும் முகத்தைச் சுளிப்பவர்கள் உண்டு. அவர்கள் இந்தப் பதிவைக் கொஞ்சம் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். பாவம், அதற்குப் பெயரில்தான் பேய் இருக்கிறது. ஊரெல்லாம் ஆக்டோபஸ் என்று சொல்லும் அந்தப் பிராணி, எங்கள் பக்கத்து மீனவர்களுக்கு என்றைக்கும் பேய்க்கணவாய்தான்.

கணவாயில் வகைகள் உண்டு என்பது கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஓட்டுக்கணவாய்க்கு முதுகுக்குள் வெள்ளையாக ஒரு ஓடு இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அதுதான். ஊசிக்கணவாய்க்கு உள்ளே கண்ணாடித்தாள் போல மெல்லிய தகடு ஒன்று இருக்கும். பேய்க்கணவாய்க்கு இரண்டுமே கிடையாது. அதன் உடம்பில் கெட்டியான பாகம் என்று சொல்ல, கிளி மூக்கு மாதிரி ஒரு அலகு மட்டும்தான் உண்டு. அந்த அலகு நுழையும் இடுக்கில் மொத்த உடம்பும் நுழைந்துவிடும்.

கணவாய்க் குழம்பு என்றால் எங்கள் வீட்டில் இரண்டு கை சோறு கூடப் போகும். ஆனால் பேய்க்கணவாயைச் சமைத்து நான் பார்த்ததில்லை. அந்தக் காலத்தில் அதைத் தூண்டிலுக்கு இரையாகத்தான் வெட்டிப் போடுவார்கள். பிறகு வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாக ஆரம்பித்ததும் அதற்கும் ஒரு மரியாதை வந்தது.

மண்டபம் பக்கத்தில் ஒரு கடலோர கிராமத்து அரசுப் பள்ளியில் 11 வருடம் விலங்கியல் நடத்தினேன். அங்கே கடலே இரண்டு. பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். ஒன்று கொந்தளித்தால் இன்னொன்று அடங்கியிருக்கும். என் மாணவர்கள் பாதிப் பேர் விடியற்காலையில் கடலுக்குப் போய்விட்டு, சட்டையில் உப்பு வாடையோடு முதல் பாடவேளைக்கு வந்து உட்காருவார்கள். மெல்லுடலிகள் பாடத்தை நான் அவர்களுக்கு நடத்தினேன் என்பதைவிட, அவர்கள் எனக்கு நடத்தினார்கள் என்பதே பொருத்தம்.

ஒருநாள் ஒரு பையன் பிளாஸ்டிக் வாளியில் கடல் தண்ணீரோடு ஒரு ஐவிரல் சங்கைக் கொண்டுவந்தான். விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய சங்கு அது. அதற்குள்ளிருந்து ஒரு கண் எங்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அப்பா வடகடலில் ஒரு நீளக் கயிற்றில் இந்தச் சங்குகளை வரிசையாகக் கட்டி இறக்கிவிடுவாராம். பிறகு போய் இழுத்துப் பார்த்தால் சில சங்குகளில் பேய்க்கணவாய் இருக்கும்.

"இரை என்னப்பா வைப்பாங்க?" என்று கேட்டேன்.

"இரையெல்லாம் இல்ல சார். அதுக்கு வீடு வேணும். காலி வீட்டப் பாத்தா உள்ள போயிரும். மேல இழுக்கறப்ப பயந்துபோய் இன்னும் உள்ள போவுமே தவிர வெளிய வராது."

முள் இல்லை, இரை இல்லை, வெறும் வீடுதான் தூண்டில். ஜப்பானில் இதே காரியத்துக்குக் கயிற்றில் மண்பானையைக் கட்டி இறக்குவார்கள் என்று பிற்பாடு படித்தேன். எங்கோ இருக்கும் இரண்டு ஊர் மீனவர்களும் அந்தப் பிராணியின் மனசைச் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது அந்தக் குடும்பத்தில் ஒரு சின்ன இனத்தைப் பற்றி. ஆம்ஃபியாக்டோபஸ் மார்ஜினேட்டஸ் என்பது அதன் அறிவியல் பெயர். இவாவோ டாக்கி என்ற ஜப்பானிய அறிஞர் 1964-இல் முதன்முதலாக விவரித்து எழுதினார். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியிலும், கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலில் வாழ்கிறது. நம் பக்கத்து விசைப்படகுகளின் இழுவலையிலும் வருகிறது. உடம்பு மட்டும் சுமார் 8 செ.மீ., உள்ளங்கையில் அடங்கிவிடும். தோல் மேல் அரச இலையின் நரம்பு மாதிரி கருங்கோடுகள் கிளை கிளையாக ஓடும். கைகள் கறுத்திருக்க, உறிஞ்சிகள் மட்டும் வெளிறித் தெரியும்.

இதன் குடும்பத்துக்கே உரிய சங்கதிகள் சில உண்டு. இதயம் மூன்று. இரண்டு, செவுள்களுக்கு ரத்தத்தைத் தள்ளும். மூன்றாவது, உடம்புக்குத் தள்ளும். நீந்தும்போது அந்த மூன்றாவது இதயம் நின்றுவிடும். அதனால் நீந்தினால் சீக்கிரம் களைத்துப்போய், தரையில் ஊர்ந்து போவதையே விரும்பும். (ஒரே ஒரு இதயத்தை வைத்துக்கொண்டு நாம் மாதாமாதம் கார்டியாலஜிஸ்ட் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்!) நம் ரத்தத்தில் இரும்பு இருப்பது போல அதன் ரத்தத்தில் தாமிரம். அதனால் ரத்தம் நீலம். நரம்பணுக்களில் பெரும்பங்கு தலையில் இல்லை, எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கிறது. கை தானே தடவிப் பார்த்து, ருசி பார்த்து, பாதி முடிவைத் தானே எடுத்துவிடும்.

இவ்வளவு புத்தி இருந்தும் அதற்கு ஒரு பெரிய குறை. உடம்பு முழுக்க எலும்பில்லாத சதை. கண்ட மீனுக்கெல்லாம் அது அல்வாத் துண்டு. பாறைப் பகுதியில் இருக்கும் இனங்கள் ஏதாவது பொந்தில் ஒண்டிக்கொள்ளும். நம் ஆள் இருப்பதோ மணலும் சேறுமான தரை. ஒளிய ஒரு இடுக்கு கிடையாது. ரொம்ப நேரம் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நண்டு, இறால் ஏதாவது வந்தால் பாய்ந்து பிடிக்கும். மட்டி ஓடு ஏதேனும் கிடைத்தால் இரண்டையும் சேர்த்து மூடிக்கொண்டு உள்ளே இருக்கும்.

இங்கேதான் நம் தேங்காய் வருகிறது. இந்தோனேசியாவில் கரையோர மக்கள் தேங்காயைப் பாதியாக உடைத்து, பருப்பை எடுத்துக்கொண்டு சிரட்டையை எறிந்துவிடுகிறார்கள். அது கடலுக்குள் போய்ச் சேருகிறது. சென்னைப் பக்கத்து வாசகர்கள் கொட்டாங்கச்சி என்று படித்துக்கொள்ளலாம். மட்டி ஓட்டைவிட லேசு, அகலம் அதிகம். சுலாவெசியின் வட கரையிலும் பாலித் தீவிலும் ஜூலியன் ஃபின், டாம் டிரெகென்சா, மார்க் நார்மன் ஆகிய மூவர் 1999 முதல் 2008 வரை, 500 மணி நேரத்துக்கு மேல் தண்ணீருக்கடியில் இருந்து இந்தக் கணவாய்களைக் கவனித்திருக்கிறார்கள். அவர்களுடைய கட்டுரை 2009-இல் வந்தது.

அவர்கள் பார்த்தது இதுதான். கணவாய் மணலில் புதைந்து கிடக்கும் சிரட்டையைத் தோண்டி எடுக்கிறது. உள்ளே இருக்கும் சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிறது. இரண்டு சிரட்டை கிடைத்தால் ஒன்றுக்குள் ஒன்றை அடுக்கி, வாய் மேல்பக்கமாக இருக்கும்படி வைத்து, அதன் மேல் தான் உட்கார்ந்துகொள்கிறது. பிறகு கைகளைச் சிரட்டையின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, அவற்றைக் கம்பு போல விறைப்பாக்கி, பொய்க்கால் கட்டினவன் மாதிரி தத்தித் தத்தி நடக்கிறது. இப்படி 20 மீட்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒன்றைக் கீழேயும் ஒன்றை மேலேயும் வைத்து, முழுத் தேங்காய் போல மூடிக்கொண்டு உள்ளே இருந்துவிடும். யூடியூபில் இதன் படங்கள் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அந்த நடையைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது.

சிரிப்பு அடங்கின பிறகு ஒன்றை யோசிக்க வேண்டும். சங்கைச் சுமக்கும் நண்டும்தான் வீட்டோடு திரிகிறது. ஆனால் அது எந்நேரமும் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கணவாய்க்கு, தூக்கிக்கொண்டு நடக்கிற நேரத்தில் சிரட்டையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. உடம்பு முழுக்க வெளியே தெரிகிறது, நடை தள்ளாடுகிறது, வேகமாக ஓடவும் முடியாது. இப்போது கஷ்டம், பலன் பின்னால். சம்பளத்தில் பிடித்தம் போக மிச்சத்தை வாங்கிக்கொண்டு முப்பது வருடம் குடும்பம் நடத்திய நமக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரியும். முதுகெலும்பில்லாத பிராணி ஒன்று கருவியைப் பயன்படுத்துகிறது என்று விஞ்ஞானிகள் பெரிதாகப் பேசியது இதனால்தான்.

இதே கணவாய்க்கு இன்னொரு வித்தையும் தெரியும். 2005-இல் கிறிஸ்டீன் ஹஃபார்டும் அவரோடு இருந்தவர்களும் அதை வெளியிட்டார்கள். ஆபத்து என்றால் ஆறு கைகளை உடம்போடு சுருட்டிக்கொண்டு, மிச்சம் இரண்டு கைகளால் பின்பக்கமாக நடந்து போகும். பார்ப்பதற்கு ஒரு தேங்காய் அலையில் உருண்டு போவது போல இருக்கும். எலும்பே இல்லாத ஒன்று இரண்டு காலில் நடக்கிறது!

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் அதற்குக் கிடைத்திருக்கும் ஆயுள் எவ்வளவு தெரியுமா? இந்த மாதிரிச் சின்ன இனங்களுக்குச் சுமார் ஒரு வருடம்.

ஆண் தன் எட்டுக் கைகளில் ஒன்றால் விந்துப் பொட்டலத்தைப் பெண்ணிடம் சேர்ப்பிக்கும். அதற்கப்புறம் அது அதிக நாள் இருக்காது. பெண் ஒரு மறைவிடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டைகளை இடும். ஒவ்வொன்றும் அரிசியைவிடச் சிறிது. பிறகு காவல் ஆரம்பம். முட்டைகள் மேல் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும், கைகளால் தடவித் தூசி துடைக்கும், கிட்டே வருவதை விரட்டும். சாப்பாட்டை அநேகமாக நிறுத்திவிடும். நம் கடல் போன்ற வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரங்களில் குஞ்சு பொரிந்துவிடும். ஆழ்கடலின் குளிரிலோ கணக்கே வேறு. கலிபோர்னியா அருகே ஆழ்கடலில் வேறொரு இனத்துத் தாய், 53 மாதம் ஒரே இடத்தில் முட்டைகளைக் காத்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். குஞ்சுகள் வெளியே வந்து நீரோட்டத்தோடு போகும். அந்தச் சமயத்தில் தாய் நிறம் வெளுத்து, உடம்பு வற்றி, செத்துப்போகும்.

இதை நான் பாடமாக எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா.

அத்தான் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நான்கு பிள்ளைகளும் நான்கு ஊரில். "எங்ககூட வந்து இரும்மா" என்று நான்கு பேரும் கூப்பிட்டார்கள். அக்கா கிராமத்து வீட்டை விட்டு அசையவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு குறைந்தது. காலையில் ஒரு காபி, மத்தியானம் ஒரு கை மோர்ச்சோறு, ராத்திரி ஒன்றுமில்லை. நான் போய்ப் பார்த்தபோது வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. டாக்டரிடம் கூட்டிப்போய் எல்லாப் பரிசோதனையும் செய்தோம். நோய் ஒன்றும் இல்லை என்றார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணுதே?" என்றேன்.

"என்னத்தப் பண்ணுதேன்? பசிக்கல தம்பி. என் வேலைதான் முடிஞ்சு போச்சே."

அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அவளுக்கு இந்தச் சிரட்டைக் கணவாயின் கதையைச் சொன்னேன். வாத்தியார் புத்தி எங்கே போகும்? அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கவனமாகக் கேட்பாள். தாய் சாப்பிடாமல் கிடந்து சாகிறது என்றதும், "அது துக்கத்துலயா, இல்ல வேற எதுனாலயா?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. அதற்கு விடையும் உண்டு. ஜெரோம் வோடின்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கரீபியன் கடலில் இருக்கும் ஒரு சின்ன கணவாய் இனத்தில், முட்டை காத்துக்கொண்டிருந்த தாய்களுக்குக் கண்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு சுரப்பிகளை அகற்றினார். அவை மறுபடி சாப்பிட ஆரம்பித்தன. உடம்பு தேறியது. மற்றவற்றைவிட அதிக காலம் உயிரோடு இருந்தன. அதாவது சாவு பட்டினியால் தானாக வருவதில்லை, அந்தச் சுரப்பி அனுப்பும் உத்தரவு அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு ஒன்று 2022-இல் இன்னும் விவரம் சொன்னது. முட்டையிட்டுக் காக்கும் பருவத்தில் அந்தச் சுரப்பியில் கொலஸ்டிராலைச் சார்ந்த ரசாயனங்கள் மாறிப்போகின்றனவாம். ஆக, கொலஸ்டிரால் அங்கேயும் விடவில்லை!

அக்கா சிரிக்கவில்லை. "சுரப்பிய எடுத்த பொறவு முட்டை என்னாச்சு?" என்றாள்.

"முட்டையக் காக்கறத விட்டுட்டுப் போயிருது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படிப் பொழச்சு என்னத்துக்கு? உசுரு இருக்கும், தாயி இருக்க மாட்டா" என்றாள்.

எனக்குப் பதில் ஓடவில்லை. வெற்றிலைப் பெட்டியை இழுத்து வைத்துக்கொண்டாள். நான் படுக்கப் போய்விட்டேன்.

ஆனால் தூக்கம் வரவில்லை. வேறொரு ஆய்வு நினைவுக்கு வந்தது. 1992-இல் ஃபியோரிட்டோ, ஸ்காட்டோ என்ற இரண்டு இத்தாலியர்கள் வெளியிட்டது. ஒரு கணவாயை, இரண்டு நிறப் பந்துகளில் குறிப்பிட்ட ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினார்கள். அதை இன்னொரு கணவாய் பக்கத்துத் தொட்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அதன் முன்னால் பந்துகளை வைத்தபோது, யாரும் பழக்காமலே அதே பந்தை அதுவும் எடுத்தது. பார்த்தே கற்றுக்கொள்ளும் புத்தி அதற்கு இருக்கிறது. பார்ப்பதற்குத்தான் பெரியவர்கள் யாரும் இல்லை. பிறக்கும்போதே அம்மா சாகக் கிடக்கிறாள், அப்பா முன்னாலேயே போய்விட்டார். ஆச்சி, தாத்தா என்ற சொல்லே அந்தக் குலத்தில் கிடையாது. சிரட்டையைப் புரட்டி, கழுவி, அடுக்கி, தூக்கி நடக்கும் வித்தையை அது யாரிடமும் கேட்க முடியாது. தனக்குத் தெரிந்ததை யாரிடமும் சொல்லவும் முடியாது. ஒவ்வொரு கணவாயும் கடலில் முதல் கணவாய் மாதிரியே வாழ்ந்துவிட்டுப் போகிறது.

நமக்கோ, முட்டை பொரிந்து குஞ்சுகள் பறந்துபோன பிறகும் இருபது, முப்பது வருடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. இதை ஏதோ மிச்சம் மீதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் இனத்துக்கு வந்த வாழ்வே இந்த மிச்சத்தில்தான் இருக்கிறது என்று அன்று ராத்திரி தோன்றியது. காலையில் அக்காவிடம் இதைச் சொன்னேன். "நீ வாத்தியாரு, சொல்லுவ" என்று எழுந்து போய்விட்டாள். என் பிரசங்கத்தால் ஒரு இட்லி கூடக் கூடுதலாக இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இறங்க வைத்தவள் அவளுடைய பேத்தி. கோயம்புத்தூரில் இருக்கிறாள். அடுத்த மாதமே அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒருநாள் வீடியோவில் கூப்பிட்டு அழுதாள். "ஆச்சி, பிள்ளைய எப்படிக் கால்ல போட்டுக் குளிப்பாட்டணும்? எனக்குப் பயமா இருக்கு. செல்லுல பாத்தேன், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க."

அக்கா போனைப் பார்த்துக்கொண்டே வெறும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஒரு தலையணையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டாள். "இந்தா பாரு, தலை பாதத்துப் பக்கம் வரணும். மூக்குல தண்ணி போகாம ஒரு கைய இப்படிக் கொடு" என்று காட்டினாள். பேத்தி பார்த்தாள், செய்தாள், கை நடுங்கியது. மூன்றாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, எனக்கு ஒரு டிக்கெட் போடு" என்றாள்.

போய் ஐந்து மாதம் ஆகிறது. அத்தானை நினைத்து அழுவது நிற்கவில்லை, அது நிற்கவும் நிற்காது. ராத்திரிச் சாப்பாடு இன்னும் அரைகுறைதான் என்று பேத்தி சொல்கிறாள். ஆனால் காலையில் மூன்று இட்லி சாப்பிடுகிறாளாம். கேட்டதற்கு, "பிள்ளையக் கால்ல போட்டா முட்டில பெலன் வேண்டாமாடா?" என்கிறாள். இப்போது பேத்தியே பயமில்லாமல் குளிப்பாட்டுகிறாளாம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சுடுதண்ணீர் மட்டும் மொண்டு கொடுக்கிறாள்.

வாசக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் அநேகம் பேர், "இனி நமக்கு என்ன வேலை?" என்ற வரியை ஒருமுறையாவது சொல்லியிருப்போம். உங்களுக்கு மட்டும் கைவந்த காரியம் ஒன்று இருக்கும். வடாம் பிழிவதோ, பத்திரம் படித்துப் பார்ப்பதோ, காற்றைப் பார்த்து மழை சொல்வதோ. அதை இந்த வாரம் வீட்டில் யாராவது ஒருவருக்குக் கற்றுக்கொடுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் என்னைப் போல உட்கார்ந்து எழுதி வையுங்கள். என்றைக்காவது யாராவது தேடி எடுப்பார்கள்.